கார்டில் இருக்கிறவர்தான் சாவார்

காவல் நிலைய எழுத்தர் அய்யா அவர்களுக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன். என் அம்மாவை நிலையத்துக்கு வரவழைத்து அவர் எதிரில் இதை வாசிக்காதீர்கள். இதைக் கொண்டுவந்து கொடுப்பவர் எங்கள் பக்கத்து வீட்டு அசன் முகைதீன் பாய். உங்கள் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு விடியற்காலையில் பன் போடுகிறவர். அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவர் மகள் உமைரா என் வகுப்புத் தோழி. நான் இதைக் கொடுப்பதற்காக விடியற்காலை நான்கு மணி வரை அவர்கள் சமையல் அறை ஜன்னலைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

படித்ததும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். காலை ஆறு மணி ஷிப்டுக்கு சிப்காட்டில் பச்சைத் தகரக் கதவு உள்ள அந்த உருக்கு மில்லுக்கு ஆள் அனுப்புங்கள். ஸ்டீவன் என்ற பெயர் உள்ள கார்டோடு வருகிறவரை உள்ளே விடாதீர்கள். அவர் உலை மேடையில் ஏறினால் இறங்கி வர மாட்டார்.

போன ஆகஸ்டில் அந்த மில் ஆபீசில் நீங்கள் என் சித்தியிடம் வாக்குமூலம் எழுதினீர்கள். நான் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். "சித்தப்பனுக்கா பாப்பா இப்டி அழுவுற?" என்று என்னைக் கேட்டீர்கள். நான் ஆமாம் என்றேன். புறப்படும்போது, "ஏதாவது நெனப்பு வந்தா எழுதிக் குடு. பேரு, வயசு, ஊரு, அப்புறம் நடந்தத ஒண்ணு பின்னால ஒண்ணு. அழுவறதெல்லாம் எழுதாத" என்றீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

என் பெயர் சுகிர்தா. வயது பதினைந்து. தந்தை பெயர் ஸ்டீவன், தாயார் பெயர் ரோசம்மாள். பத்தாம் வகுப்பு. இன்று மதியம் கடைசிப் பரீட்சை எழுதி முடித்தேன். எளாவூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஓட்டு லைன் வீடுகளில் ஐந்தாவது வீட்டில் என் தாயாருடனும், என் தந்தை என்று சொல்லப்படும் ஒருவருடனும் வசித்து வருகிறேன்.

என் தந்தை முன்பு வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தார். 2003-ஆம் ஆண்டு அங்கே நடந்த ஸ்டிரைக்கில் முன்னால் நின்றதற்காக அவரை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு சிப்காட்டில் எந்த கேட்டிலும் ஸ்டீவன் என்ற பெயரைச் சொன்னால் வேலை இல்லை என்றார்கள். அம்மா இறால் கம்பெனி வேனில் போய்த் தோல் உரித்து வந்தார். அவர் விரல்கள் வெந்ததுபோல் வெளுத்திருக்கும், என் தலையில் எண்ணெய் வைக்க முடியாது. அந்தச் சமயத்தில் என் தந்தையின் தம்பி யேசுதாஸிடம் உருக்கு மில்லின் ஒப்பந்தத் தொழிலாளர் கார்டு ஒன்று சும்மா இருந்தது. சித்தப்பா அங்கே இரண்டு மாதம் வேலை பார்த்து, சூடு தாங்காமல் விட்டுவிட்டு ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு என் தந்தை வேலைக்குப் போனார். இதற்குக் கார்டு வாடகை என்று பெயர். மாதம் பிறந்ததும் சம்பளத்தில் ஒரு பங்கைக் கார்டுக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். சிப்காட்டில் பலர் இப்படித்தான் வேலை பார்க்கிறார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இருவருக்கும் ஒரே மாதிரி முகம். கார்டில் இருந்த போட்டோவும் மங்கிப்போயிருந்தது.

மில்லில் எல்லாரும் அப்பாவை யேசு என்றே கூப்பிட்டார்கள். உண்மை தெரிந்தவர் சூப்பர்வைசர் ராஜமாணிக்கம் ஒருவர்தான். அவருக்கும் மாதாமாதம் ஏதோ போய்க்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் அப்பா லாரியில் பாரம் இறக்குவதாகச் சொல்லியிருந்தோம். "மூணு வருஷமா எவனோ பேர்ல ஒழைக்கிறேன் சுகி. என் பேர்ல ஒரு கார்டு வந்திச்சின்னா அன்னிக்கு உனக்கு பிரியாணி" என்று அப்பா சொல்வார்.

கடந்த 2006 ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பள்ளியில் இருந்த என்னை அம்மா வந்து அழைத்துப்போனார். மில் ஆபீசில் ஞானம்மா சித்தி ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். ராஜமாணிக்கம் கதவைச் சாத்தினார். உலையின் வாய் மேடையின் தரையோடு தரையாக ஒரு கிணறு போல இருக்கும் என்று அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். பழைய இரும்போடு வந்த ஒரு மூடின குழாய்க்குள் தண்ணீர் இருந்து, அது உலையில் விழுந்ததும் வெடித்திருக்கிறது. அப்பா பின்னால் நகர்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்துத் தடுப்புக் கம்பி கழன்று கிடந்திருக்கிறது. பிடிமானம் இல்லாமல் தடுமாறி உலைக்குள்ளேயே விழுந்துவிட்டார்.

அம்மா, "அவரு எங்க கீறாரு, காட்டுங்க" என்றார்.

"காட்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் ராஜமாணிக்கம்.

அதன் பிறகு அவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இதோ பாரு ரோசம்மா. உள்ள போனது யாரு? யேசுதாசு. ரிஜிஸ்டர்ல யேசுதாசு, கார்டுல யேசுதாசு. கார்டுல கீறவன்தான் சாவான். ஸ்டீவன்னு ஒருத்தன் இந்த கேட்டத் தாண்டி உள்ள வந்ததே இல்ல. வராதவன் எப்டிம்மா சாவான்?"

சித்தி, "சார், என் ஊட்டுக்காரரு காலைல நாஷ்டா துன்னுட்டு ஆட்டோ எடுத்துக்கினு போனாரு சார். உயிரோட கீறாரு" என்றார்.

"கீறட்டும். எவன் வாணாம்னான்? அவங்க அண்ணனா கீறட்டும். நீ ஸ்டீவன்னு வாயத் தொறந்தா கம்பெனி எவனோ, எங்களுக்குத் தெரியாதுன்னுடும். உனக்கும் இல்ல, இவளுக்கும் இல்ல. நானும் ஜெயிலுக்குப் போறேன். யேசுதாசுன்னா மூணு லட்சம். கேஸு கோர்ட்டுன்னு பேஜாரு இல்லாம ரெண்டு மாசத்துல செக்கு. பாதி பாதி பிரிச்சிக்கோங்க."

அம்மா மேசை மேல் இருந்த கண்ணாடி உருண்டையை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "உனுக்கு சித்தப்பா செத்துட்டாரு. அழுவாத" என்றார்.

அதன் பிறகுதான் அய்யா நீங்கள் வந்தீர்கள். அன்று நான் ஆமாம் என்று சொன்னது பொய்.

மூன்றாம் நாள் மில்லிலிருந்து ஒரு இரும்புக் கட்டி கொடுத்தார்கள். அப்பா விழுந்த உருக்கிலிருந்து வார்த்தது என்றார்கள். தேங்காய் மூட்டையின் பாதி அளவு இருந்தது. அதைச் சவப்பெட்டியில் வைத்து மூடினார்கள். நான் மூடும் முன் தொட்டேன், சூடாக இருந்தது. வெயிலில் கிடந்ததால் சூடாக இருந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் செய்யும் அளவு பெட்டிதான், ஆறு பேர் தூக்கினார்கள், ஊத்துக்கோட்டைக் கல்லறைத் தோட்டத்துக்குள் போவதற்குள் இரண்டு முறை கீழே வைத்தார்கள். சாமியார் ஜெபத்தில் யேசுதாஸ் என்ற பெயரை ஐந்து முறை சொன்னார். அப்பா பெயரைச் சொல்லவில்லை. அண்ணன் எங்கே என்று கேட்டவர்களிடம், அதிர்ச்சியில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்னோம். சித்தப்பா அன்று பகல் முழுவதும் ராஜமாணிக்கத்தின் மாமனார் வீட்டு வைக்கோல் கொட்டகையில் இருந்தார். கோயில் மணி அடித்தது அங்கே வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்.

உருக்கில் மீதி இருந்தது கம்பியாக இழுக்கப்பட்டு மறுநாளே லாரி ஏறிவிட்டது. எந்த ஊருக்கு என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பள்ளியில் புது வகுப்பறை கட்டுகிறார்கள். தூண்களின் உச்சியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டு, எங்களை யாருக்கும் தெரியாத இந்த எளாவூருக்கு வந்தோம். மறுநாள் சித்தப்பா வந்தார். மீசையை எடுத்திருந்தார், ஏனென்றால் அப்பாவுக்கு மீசை கிடையாது. அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டையை அம்மா எடுத்துக் கொடுத்தார். அவர் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றதும் அம்மா அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டார். "நாலு மாசம்தான் சுகி. பணம் வந்திச்சின்னா நான் ஆந்திரா பக்கம் எங்கனா போய் வேற பேர்ல பொழச்சிக்குவேன். அதுவரைக்கும் வெளில அப்பான்னு கூப்புடு. ஊட்டுக்குள்ள சித்தப்பா. சரியா?" என்று சித்தப்பா சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சித்தப்பா எப்போதும் சிரிப்பவர்.

அவர் இரவில் வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுப்பார். நானும் அம்மாவும் உள்ளே தாழ் போட்டுப் படுப்போம்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் மூவரும் ஊத்துக்கோட்டைக்குப் போனோம். அம்மா வேண்டாம் என்றார். சித்தப்பா, "என் அண்ணனுக்கு ஒரு மெழுவர்த்தி கூட வெக்கக் கூடாதா அண்ணி?" என்று கேட்டதால் அழைத்துப்போனோம். அந்த ஊரில் அவரைத் தெரியும் என்பதால் அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நல்ல மத்தியான வெயில். எல்லாக் கல்லறைகளிலும் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் இருந்தன. யேசுதாஸ், பிறப்பு, இறப்பு என்று எழுதிய கல் முன்னால் யேசுதாஸ் ஹெல்மெட்டோடு நின்று மெழுகுவர்த்தி ஏற்றினார். வாசலில் பூ விற்கும் பூவம்மாள் என்ற கிழவி கூடையோடு வந்து அவரைச் சுற்றிப் பார்த்து, "யாரு நைனா நீ? யேசு நிக்கிற மாதிரியே ஒரு காலச் சாச்சிக்கினு நிக்கிறியே" என்றார்.

"அண்ணன்" என்றார் சித்தப்பா.

"அதான பாத்தேன். ஒரே ரத்தம்" என்று சொல்லிவிட்டு அந்தக் கிழவி போய்விட்டார்.

அப்போது வெள்ளைப் புடவையில் ஞானம்மா சித்தியும் அவர்களுடைய நான்கு வயது மகளும் வந்தார்கள். குழந்தை ஓடிவந்து சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு முகத்தை வைத்து மோந்து, "நைனா" என்றது. சித்தி அதைப் பிடித்து இழுத்து முதுகில் அடித்து, "பெரிப்பான்னு சொல்லு" என்றார். குழந்தை மறுபடியும் நைனா என்றது. மறுபடியும் அடித்தார். மூன்றாவது முறை அது பெரியப்பா என்றது. சித்தப்பா ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். அவர் உள்ளே என்ன செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதமே செக் வந்தது. மனைவி என்ற முறையில் சித்தி பெயருக்கு வந்தது. அதற்கு அடுத்த வாரம் ஊத்துக்கோட்டை வீட்டில் பூட்டுத் தொங்கியது. சித்தி குழந்தையோடு ஆந்திரா பக்கம் போய்விட்டார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை. சித்தப்பா போலீசில் சொல்லப் போகிறேன் என்று கிளம்பினார். ராஜமாணிக்கம் அவரை வாசலிலேயே நிறுத்தி, "இன்னான்னு எழுதிக் குடுப்ப? நான் செத்துட்டேன், என் பொண்டாட்டி ஓடிட்டான்னா?" என்று கேட்டுச் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகு நான் அவர் சிரித்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்று பின்னால் ஒன்றாகவே எழுதுகிறேன்.

டிசம்பரில் என் அரையாண்டு மதிப்பெண் அட்டையில் தந்தையின் கையெழுத்து தேவைப்பட்டது. சித்தப்பா அப்பாவின் பழைய கையெழுத்தை என் ரஃப் நோட்டில் எழுதிப் பழகினார். ஒரு பக்கம் எழுதினால் போதும். அவர் நோட்டு முழுவதும் எழுதினார். கடைசிப் பக்கங்களில் அது அப்பா போட்டதைவிட அப்பாவின் கையெழுத்து போல இருந்தது. பிறகு அந்த நோட்டை எரித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் வீட்டுக்குள் சித்தப்பா என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. காது கேட்கவில்லையோ என்று மூன்று முறை கூப்பிட்டேன். அதன் பிறகு மெதுவாக அப்பா என்றேன். உடனே திரும்பி, "இன்னா சுகி?" என்றார். எங்கள் வீட்டில் என்னைச் சுகி என்று அப்பா மட்டும்தான் கூப்பிடுவார். சித்தப்பா முன்பெல்லாம் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எப்போது மாறியது என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அப்பா சாப்பிட்டு முடித்ததும் தட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுண்டுவிரலால் சிலுவை போடுவார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிப்ரவரியில் சித்தப்பா அதைச் செய்தார். சிறு வயதில் இருவரும் சேர்ந்து சாப்பிட்டதால் அவருக்கும் அந்தப் பழக்கம் இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஆறு மாதம் அவர் எங்களோடு சாப்பிட்டபோது ஒரு நாள்கூடச் செய்ததில்லை.

அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா தட்டை நீட்டி, "ரோசா, இன்னும் கொஞ்சம் கொழம்பு" என்றார். அதுவரை அவர் அண்ணி என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. அம்மா கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். சித்தப்பா என்னைப் பார்த்து, "உங்கம்மாவுக்கு இன்னா கோவம்?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை அய்யா. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அன்றிலிருந்து அம்மா தாழ்ப்பாளோடு அரிசி டிரம்மையும் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்துத் தூங்குகிறார். சித்தப்பா ஒரு நாளும் கதவைத் தொட்டதில்லை, அதையும் எழுதுகிறேன். விடியற்காலையில் எழுந்து எங்களுக்குத் தண்ணீர் பிடித்து வைப்பார்.

மார்ச் முதல் வாரத்தில் ராஜமாணிக்கம் ஒரு படிவத்தோடு வந்து, மில்லில் ஸ்டீவன் பெயரில் புதுக் கார்டு போடலாம், ஸ்டிரைக் நடந்து நாளாகிவிட்டது, இப்போது யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லிச் சித்தப்பாவிடம் பல கையெழுத்துகள் வாங்கினார். அவர் படிக்கவில்லை. எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்தைப் போட்டார். நான் தேநீர் கொண்டுபோய் வைக்கும்போது ஒரு தாளைப் பார்த்தேன். அது வேலைக்கான படிவம் இல்லை, விபத்துக் காப்பீட்டுப் படிவம். பயன்பெறுபவர் என்ற இடத்தில் ரோசம்மாள், மனைவி என்று எழுதியிருந்தது. அந்தத் தாளுக்கான பணத்தை ராஜமாணிக்கமே கட்டினார். அவர் யாருக்கும் ஒரு பீடி கூட வாங்கிக் கொடுக்காதவர் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

கணிதப் பரீட்சை முடிந்த அன்று நான் நேராக வீட்டுக்கு வந்தேன். மணி ஒன்றரை இருக்கும். வாசலில் ராஜமாணிக்கத்தின் பைக் நின்றது. சித்தப்பா இல்லை, லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் பின்பக்கம் கை கழுவப் போனபோது ஜன்னல் வழியாகப் பேச்சுக் கேட்டது.

ராஜமாணிக்கம், "அதே எடம்தான். அந்தக் கம்பிய இன்னும் கட்டல. எவனும் கேக்கவும் இல்ல" என்றார்.

அம்மா ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"இன்னா யோசன? உன் புருஷன் செத்ததுக்கு உனக்கு இன்னா கெடைச்சுது? அவ வாரிக்கினு பூட்டா. நீ இன்னும் இறால் உரிக்கிற. ஸ்டீவன் செத்தது நெசம்தான? நெசமா செத்தவனுக்கு நெசமா பணம் வாங்கறோம். இதுல இன்னா பொய்யி?"

அம்மா அப்போது சொன்னார். "அவரு பூட்டாரு. இப்ப ஊட்ல கீறது யேசுவும் இல்ல. ரோசான்னு கூப்புடுது. அவரு கொரல்லயே கூப்புடுது. நான் திரும்பிப் பாத்துடுவேனோன்னு பயமா கீதுண்ணா."

"அப்ப சரின்ற."

பக்கத்து வீட்டில் உமைராவின் அம்மா மிக்ஸி போடுவது கேட்டது. அது நின்றதும் அம்மா, "பொண்ணுக்குப் பரீட்ச முடியட்டும்" என்றார்.

அம்மா கெட்டவர் இல்லை அய்யா. இதை நீங்கள் எழுத மாட்டீர்கள் என்றாலும் நான் எழுதுகிறேன். அன்று மாலை எனக்கு முட்டை வாங்கிவந்து வேகவைத்துக் கொடுத்தார். அதை நான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பரீட்சைகள் இருந்தன. அறிவியல், சமூக அறிவியல். பரீட்சையே எழுதாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் நாள் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். ஆனால் எழுதினேன். எல்லாக் கேள்விகளுக்கும் விடை தெரிந்திருந்தது. எழுதி முடித்துத் தாள்களுக்கு நூல் கட்டும்போது முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. கண்காணிக்க வந்த டீச்சர், "முடிஞ்சுதுல்ல, இனிமே இன்னா பயம்?" என்று கேட்டார்.

இன்று மாலை வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் கார்டு தொங்கியது. ஸ்டீவன், தந்தை பெயர் தேசப்பன் என்று அச்சடித்து, அவருடைய போட்டோ ஒட்டியிருந்தது. "பாரு சுகி. என் பேர்லயே வந்துட்சி" என்றார். கையில் பிரியாணிப் பொட்டலம் இருந்தது. நாளைக் காலை முதல் ஷிப்டு, உலை மேடையில் வேலை என்று சொன்னார். அம்மா சாப்பிடவில்லை, பல் வலி என்றார்.

அம்மா குழாயடிக்குப் போன நேரம் நான் அவர் பக்கத்தில் போய், "சித்தப்பா, நாளைக்கு அங்க போகாதீங்க. ராஜமாணிக்கம் அண்ணனும் அம்மாவும் பேசிக்கினத நான் கேட்டேன். காப்பீட்டுக்காக உங்கள உள்ள தள்ளப் போறாங்க" என்றேன். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர், "யார சித்தப்பான்ற?" என்றார்.

"உங்களத்தான். உங்க பேரு யேசுதாஸ். உங்களுக்கு ஒரு பொண்ணு கீறா. ஞானம்மா சித்தி கீறாங்க."

"யேசு செத்துட்டான் சுகி. நான்தான மெழுவர்த்தி வெச்சேன்" என்றார். என் தலையில் கை வைத்தார். அந்தக் கை சூடாக இருந்தது. "பரீட்ச எழுதிக் களைச்சிப் போய்கீற. ரோசா அந்த மாதிரி ஆளா? அவ வரட்டும், நானே கேக்கறேன்" என்றார்.

கேட்க வேண்டாம் என்று காலில் விழுந்து சத்தியம் வாங்கினேன். சரி என்றார். ஆனால் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது அவர், "சுகி ஏதோ ஒளறுது, கேட்டியா ரோசா" என்று ஆரம்பித்தார். நான் இருமினேன். அவர் நிறுத்திக்கொண்டார். அம்மா குடத்தை இறக்காமல் என்னையே பார்த்தார். விளக்கை அணைக்கும் முன் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் வந்தார்.

நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாரா என்று தெரியவில்லை. மூச்சு ஒரே சீராக இருக்கிறது, தூங்குகிறவர்களுக்கு அப்படி இருக்காது.

அய்யா, காலையில் அவரைத் தடுத்தால் எல்லாம் வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். அம்மாவை அழைத்துப்போவீர்கள். சித்தியிடமிருந்து பணத்தைத் திருப்பி வாங்குவீர்கள். நான் பொய் சொன்னதற்கு எனக்கும் ஏதாவது இருக்கும். நான் அவற்றைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டில் அவரை ஸ்டீவன் என்று கூப்பிடாதீர்கள். யேசுதாஸ் என்று கூப்பிடுங்கள். திரும்பவில்லை என்றால் மறுபடியும் மறுபடியும் கூப்பிடுங்கள். திரும்பும் வரைக்கும் விடாதீர்கள்.

மேலே எழுதியதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை, நானே கண்டும் கேட்டும் அறிந்தவற்றை விடாமல் எழுதியிருக்கிறேன், எழுதியது அத்தனையும் மெய்.

ஸ்டீவன் மகள் சுகிர்தா. ஸ்டீவன் 2006 ஆகஸ்ட் மாதம் இறந்துவிட்டார். இதை இதுவரை எந்தத் தாளிலும் யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

மணி மூன்று இருபது. உமைரா வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது. தாளை மடிப்பதற்குள் தெருமுனையில் ஒரு பைக் வந்து நின்றது. என்ஜினை அங்கேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கயிற்றுக் கட்டில் கிரீச்சிட்டது. யாரோ தாழ்ந்த குரலில் ஸ்டீவன் என்று கூப்பிடுகிறார். சித்தப்பா முதல் முறை கூப்பிட்டதுமே இதோ என்றார்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்துவிட்டார். அரிசி டிரம்மை நகர்த்துகிறார். யார் என்று கேட்கவில்லை.

அய்யா, ஆறு மணிக்கு இல்லை, இப்போதே